அழுதா கப்பல் வந்துருமா? ரங்கூன்ல எட்டு ஞாயித்துக்கெழம போன ஒரு கிளாஸ் பத்தி

நான் ஒரு கிளாஸ் போறேன்னு வாய விட்டதுல இருந்து ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் டைப் பண்ண முடியல, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன். நீளமா போகும், கரண்ட் இருக்கற நேரமா பாத்து படிச்சுக்கங்க.

பொம்பளைங்களுக்கு மட்டும், தமிழ்ல, எட்டு வாரம், ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டு மணில இருந்து நாலரை வரைக்கும். செல்ஃப் கம்பாஷன்னு போட்டுருந்தாங்க, நம்ம மேல நாமளே கொஞ்சம் எரக்கமா இருக்கறதுக்கு பழகறதாம். மெசேஜ் வந்தப்ப சிரிப்புதான் வந்துச்சு, இதுக்கெல்லாமா கிளாசு, அடுத்தது மூச்சு விடறதுக்கு கிளாஸ் வைப்பாங்க போலன்னு என் நாத்தனாருக்கு ஃபார்வர்ட் பண்ணி கிண்டல் வேற பண்ணேன். ஃபீஸ் ஒண்ணே கால் லட்சம் கியாட். "அந்த காசுக்கு அரிசி வாங்கி போட்டுருக்கலாமே"ன்னாரு வீட்டுக்காரர், இப்ப இருக்கற வெலவாசில யாரா இருந்தாலும் அததான் சொல்லுவாங்க.

அப்புறம் ஏன் போனேன்னா என் மகளால. பதிமூணு வயசு, கணக்குல மார்க் கொறஞ்சு போச்சுன்னு உக்காந்து அழுதுட்டு இருந்தா. நான் அடுப்படில இருந்தே "அழுதா கப்பல் வந்துருமா?"ன்னு கத்துனேன். எங்க வீட்ல வழக்கமா சொல்றதுதான், எங்கம்மா என்ன சொல்லுவாங்க, நான் இவள சொல்றேன். அவ மூக்க உறிஞ்சிட்டே "என்ன கப்பல்மா?"ன்னு கேட்டா பாருங்க, எனக்கு பதில் தெரியல. நாப்பத்தஞ்சு வயசாகுது, என்ன கப்பல்னு ஒரு நாள் கூட எங்கம்மாவ நான் கேட்டதில்ல. மறுநாளே பணத்த கட்டிட்டேன்.

எடம் டவுன்டவுன்ல, காளியம்மன் கோயில்ல இருந்து நடக்கற தூரம், நாலாவது மாடி, லிஃப்ட் கெடையாது, முட்டி வலி இருக்கறவங்க இப்பவே யோசிச்சுக்கங்க. ரங்கூன் பழைய பில்டிங் தெரியும்ல, ஒவ்வொரு பால்கனில இருந்தும் ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும், கீழ ஒரு கிளிப், மேல ஒரு மணி. கயித்த இழுத்தா மேல மணி அடிக்கும், யாராவது எட்டி பாத்து சாவிய கிளிப்ல மாட்டி எறக்குவாங்க, நாமதான் தொறந்துட்டு ஏறணும். மொத நாள் நான் வேற வீட்டு கயித்த இழுத்துட்டேன், ஒரு பர்மாக்கார தாத்தா எட்டிப்பாத்து திட்டுனாரு, நல்ல ஆரம்பம்.

உள்ள ஒரே ரூம், பாய் விரிச்சு பதினோரு பேரு. சின்னவளுக்கு இருபத்தி நாலு வயசு இருக்கும், பெரியவங்க தாட்டோன்ல இருந்து வந்து மக வீட்ல தங்கியிருக்கற ஒரு எழுபது வயசு பாட்டிம்மா. எட்டு வாரத்துல அஞ்சு வாரம் கரண்ட் இல்ல. கண்ண மூடி உக்காந்து எல்லாரும் மூச்ச கவனிச்சுட்டு இருக்கும்போது தெருவே "மீ லாப்பி!"ன்னு கத்தும், கரண்ட் வந்துருச்சுன்னு, ஒடனே பாதி பேருக்கு தண்ணி மோட்டார் ஞாபகம் வந்துரும், தியானம் காலி. டீச்சரே ஒரு தடவ எந்திரிச்சு போன் சார்ஜ்ல போட்டாங்க.

டீச்சர் நம்மூரு பொண்ணுதான், ரங்கூன்லயே பொறந்தவங்க, ஆன்லைன்ல படிச்சுட்டு வந்து நடத்தறாங்க. பேரு போட வேணாம்னு அவங்களே சொன்னாங்க, வேணும்னா இன்பாக்ஸ் வாங்க.

மொத வாரம் ஒரு ஜெராக்ஸ் குடுத்தாங்க, இருபத்தாறு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் நம்பர் போடணும். கிறிஸ்டின் நெஃப்னு ஒரு அமெரிக்காக்கார அம்மா 2003ல உருவாக்குன கேள்வித்தாளாம். கேள்வி நல்ல கேள்விதான் போல, ஆனா தமிழ் இருக்கே, "என் ஆளுமையின் கூறுகள்பால் சகிப்பின்மை"ன்னு ஒரு வரி, தாட்டோன் பாட்டிம்மா கண்ணாடிய கழட்டி தொடச்சு மறுபடி படிச்சுட்டு "இதுக்கு ஆமான்னு போட்டா நான் நல்லவளா கெட்டவளா?"ன்னு கேட்டாங்க. யாருக்கும் தெரியல. டீச்சருக்கே கொஞ்சம் வெக்கமா போயிருச்சு, பேப்பர மடிச்சு வச்சுட்டு வேற மாதிரி கேட்டாங்க. "அடுப்புல பால் பொங்கி ஊத்திருச்சு. வீட்ல யாரும் இல்ல. உங்க மனசுக்குள்ள மொதல்ல வர்ற வார்த்த என்ன?"

இத கேட்டதும் ரூமே கலகலன்னு ஆயிருச்சு. சனியனே, எருமமாடு, கண்ணு எங்க பொடனிலயா இருக்கு, ஒரு வேலைக்கு லாயக்கில்ல, இப்படி வந்து விழுது, சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. அப்புறம் டீச்சர் மெதுவா கேட்டாங்க, "அது யாரு கொரல்?" சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. ஒருத்தி அம்மான்னா, ஒருத்தி அத்தைன்னா, கல்யாணம் ஆகி முப்பது வருசம் ஆன ஒரு அக்கா "மாமியார்னு நெனச்சேன், இப்ப யோசிச்சா அது எங்க பெரியக்கா கொரலு, மாமியாரு வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு"ன்னாங்க. எனக்கு எங்கம்மா கொரல் கூட இல்ல, அம்மா திட்டவே மாட்டாங்க. உதட்ட இறுக்கிட்டு பேசாம தொடைப்பாங்க. என் மனசுக்குள்ளயும் அந்த சத்தமில்லாத தொடைக்கறதுதான் இருக்கு. அந்த ஒரு மணி நேரத்துக்கே பாதி ஃபீஸ் கழிஞ்சுருச்சு.

நெஃப் சொல்றது மூணு விசயம்: தன்னோட தன்மையா பேசறது, இந்த கஷ்டம் எனக்கு மட்டும் இல்ல மனுசனா பொறந்த எல்லாருக்கும் உண்டுன்னு தெரிஞ்சுக்கறது, வலிக்குதுன்னா வலிக்குதுன்னு ஒத்துக்கறது, அத ஊதி பெருசாக்காம. இந்த ஐடியாவ அவங்க எடுத்ததே புத்த மதத்துல இருந்து. இதுல என் கோவம் என்னன்னா பர்மாவுல பொறந்து வளந்தவங்களுக்கு இதுக்கு ஜெராக்ஸ் எதுக்கு, தெனமும் காதுல விழுது, மெத்தா தியானத்துல, அதான் எல்லார் மேலயும் அன்ப வளத்துக்கற புத்த மத தியானம், அதுல மொத வரியே எனக்கு நல்லது நடக்கட்டும், நான் நிம்மதியா இருக்கட்டும்னுதான ஆரம்பிக்கும், அப்புறம்தான் நமக்கு பிரியமானவங்க, அப்புறம் முன்ன பின்ன தெரியாதவங்க, கடைசில ஆகாதவங்க. இத டீச்சர் ஏழாவது வாரம்தான் சொன்னாங்க, மொத வாரமே சொல்லியிருந்தா பாதி பேருக்கு சட்டுனு புரிஞ்சிருக்கும். நம்ம ஊட்லயும் தனக்கு மிஞ்சித்தான் தானம்னு சொல்றோம், ஆனா மீன் தலைய அம்மா எடுத்துக்கிட்டு நடுத்துண்ட மத்தவங்களுக்கு போடற வரைக்கும் யாரும் சாப்புட உக்காரறதில்ல.

ஆம்பளைங்களுக்கு இது சுலபமாம்மான்னு ஒருத்தி கேட்டா. 2015ல நெறைய ஆராய்ச்சிய ஒண்ணா சேத்து பாத்துருக்காங்களாம், பொம்பளைங்களுக்கு தன் மேல இருக்கற எரக்கம் ஆம்பளைங்கள விட கம்மிதான், ஆனா வித்தியாசம் ரொம்ப சின்னதுன்னாங்க டீச்சர். எங்க ரூம்ல ஒருத்தரும் நம்பல. ஆனா அவங்க சின்னத சின்னதுன்னே சொன்னது எனக்கு புடிச்சிருந்துச்சு, கூட்டத்த குஷிப்படுத்த பெருசாக்கி சொல்லியிருக்கலாம்.

மூணாவது வாரம்தான் எனக்கு பொறி தட்டுனது. அட்டாச்மென்ட்னு ஆரம்பிச்சாங்க, கொழந்த தன்ன வளக்கறவங்களோட போட்டுக்கற ஒட்டுதல். ஜான் பௌல்பின்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர், 1907ல பொறந்தவரு, பணக்கார வீடு, அவர தாதிதான் வளத்துச்சு, அவருக்கு நாலு வயசு இருக்கும்போது அந்த தாதி வேலைய விட்டு போயிருச்சு, பெத்த தாய இழந்த மாதிரி இருந்துச்சுன்னு பின்னாடி சொல்லியிருக்காரு. அவர் கூட வேல பாத்த மேரி எய்ன்ஸ்வொர்த் அம்மா 1950கள்ல உகாண்டாவுக்கு போய் தாய் புள்ளைங்கள வீடு வீடா பாத்துட்டு, அப்புறம் அமெரிக்காவுல ஒரு சோதன வச்சாங்க. ஒரு வயசு கொழந்த, ஒரு ரூமு, கொஞ்சம் பொம்ம. அம்மா கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு திரும்பி வருவாங்க. சில கொழந்த அழும், அம்மா வந்து தூக்குனா சமாதானம் ஆயிட்டு மறுபடி வெளாட போயிரும். சிலது தூக்குனாலும் அடங்காது, ஒட்டிக்கவும் செய்யும் ஒதைக்கவும் செய்யும். இன்னும் சிலது அம்மா போனதையே கண்டுக்காத மாதிரி பொம்மைய உருட்டிட்டே இருக்கும், வந்தாலும் மூஞ்ச திருப்பிக்கும். பாக்கறவங்க எவ்ளோ சமத்துன்னு நெனப்பாங்க. பின்னாடி இந்த சமத்து கொழந்தைங்களோட நெஞ்சு துடிப்ப அளந்து பாத்தா, அழற கொழந்த மாதிரியே இதுக்கும் தடதடன்னு அடிக்குதாம்.

அழுத புள்ளைக்குத்தான் பாலுன்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சுருக்காங்க, அழுதும் வராத வீட்ல புள்ள அழுகைய நிறுத்திக்குது. "எம்மவ அழவே மாட்டா, சின்னதுல இருந்தே"ன்னு எங்கம்மா வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் பெருமையா சொல்லுவாங்க. எனக்கும் அது பெருமையாதான் இருந்துச்சு, அந்த ஞாயித்துக்கெழம வரைக்கும்.

அன்னிக்கு ராத்திரி அம்மா கிட்ட போய் கேட்டேன். என்ன கப்பலுன்னு. கடுகு பொடச்சுட்டு இருந்தாங்க, நிமிந்து கூட பாக்கல, அவங்க பாட்டுக்கு சொன்னாங்க. 1964. கடையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்டாங்க, அம்பது நூறு கியாட் நோட்டும் செல்லாதுன்னு ஆயிருச்சு, தாத்தா கையில ஒண்ணும் இல்ல. கப்பல்ல மெட்ராஸ் போறவங்க போயிட்டே இருந்தாங்க. தாத்தாவும் மாமா ரெண்டு பேரும் போறதுன்னு ஆச்சு, பாட்டி அதுக்கு முன்னாடியே தவறிட்டாங்க, அம்மாவுக்கு ஆறு வயசு, காய்ச்சல், பேப்பரும் சரியா இல்லையாம், அதனால அத்தை வீட்ல விட்டுட்டு போனாங்க. கப்பல் ஏறற ஜெட்டில நின்னு அம்மா அழுதுருக்காங்க. தாத்தா சொன்னாராம், "அழாத, அடுத்த கப்பல்ல வந்து கூட்டிட்டு போறேன், அழுதா கப்பல் வராது." அம்மா அன்னிக்கு நிறுத்துனவங்கதான். கப்பல் வரல. மெட்ராஸ்ல இருந்து லெட்டர் வந்துச்சு, அப்புறம் அதுவும் நின்னு போச்சு. பெரிய மாமாவ அம்மா மறுபடி பாத்தது 2003ல, ஒரே ஒரு தடவ. அழுதா கப்பல் வராதுங்கறது எப்ப அழுதா கப்பல் வந்துருமான்னு மாறுச்சுன்னு அம்மாவுக்கே தெரியல. இத சொல்லி முடிச்சுட்டு "இத கேக்கவா அவ்ளோ காசு குடுத்த?"ன்னு கேட்டாங்க.

நாலாவது வாரத்துல நான் கிளாஸ விட்டுட்டு ஓடிட்டேன், அதையும் சொல்லணும். நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, பிரியமான ஒருத்தங்க கிட்ட பேசற மாதிரி உங்க கிட்ட நீங்களே பேசுங்கன்னாங்க. ஜெர்மர்ங்கற டாக்டரும் நெஃப் அம்மாவும் சேந்து போட்ட எட்டு வார பாடத்துல உள்ளதாம் இது. சுத்தி நாலு பேரு விசும்பறாங்க, எனக்கு அழுகைக்கு பதிலா கோவம் வருது, கை எரியுது, என் கையையே தட்டி விடணும் போல இருக்கு. பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டிட்டு கீழ எறங்கிட்டேன். தெருமுனைல ஒரு தட்டு அத்தோ நூடுல்ஸ் வாங்கி நின்னுட்டே சாப்டேன், காரம் கம்மி. அஞ்சாவது வாரம் போகல.

டீச்சர் போன் பண்ணாங்க. திரும்ப வாங்கன்னு கெஞ்சல, ஒரே ஒரு விசயம் சொன்னாங்க. தீ புடிச்ச ரூம்ல கதவ சாத்தியே வச்சிருந்தா உள்ள காத்து தீந்து தீ அமுங்கி கெடக்கும், திடீர்னு கதவ தொறந்தா காத்து போய் குபீர்னு எரியும், தீயணைக்கறவங்க கதவ தொட்டு பாத்துட்டுதான் தொறப்பாங்க. ரொம்ப நாள் யாரும் தன்மையா பேசாத மனசுக்கு தன்மையா பேசுனா மொதல்ல எரியத்தான் செய்யும், கதவ கொஞ்சம் கொஞ்சமா தொறந்தா போதும்னு. அன்பா இருக்கறதுக்கே பயப்படறவங்க இருக்காங்கன்னு பால் கில்பர்ட்னு மனசுக்கு வைத்தியம் பாக்கற இங்கிலாந்துக்காரர் கண்டுபுடிச்சு வச்சிருக்காராம், அடுத்தவங்களுக்கு குடுக்க பயம், அடுத்தவங்க கிட்ட வாங்க பயம், தனக்கு தானே குடுத்துக்க பயம்னு மூணு வகையா. எனக்கு பின்னாடி ரெண்டும். மொதல்ல உள்ளது சுத்தமா இல்ல, ஊருக்கெல்லாம் செய்வேன். பர்மாக்காரங்க ஆனாடேன்னு சொல்லுவாங்கல்ல, அடுத்தவங்களுக்கு சிரமம் குடுத்துருவோமோன்னு கூசி நிக்கறது, அது எனக்கு என் கிட்டயே உண்டு.

ஆறாவது வாரம் போனேன். அந்த கில்பர்ட் கவனிச்ச இன்னொரு விசயத்த வச்சு அன்னிக்கு பாடம். அவர் கிட்ட வர்றவங்க "நான் மோசமானவ இல்ல"ன்னு சரியான வார்த்தையதான் தனக்குள்ள சொல்லிக்கறாங்க, ஆனா சொல்ற தொனி கடுகடுன்னு அதட்டற மாதிரி இருக்கு, அதனால மருந்து எறங்கல. டீச்சர் எங்கள "பரவால்ல"ங்கற ஒரே வார்த்தைய ஒவ்வொருத்தரா சொல்ல சொன்னாங்க. ஐயோ, பதினோரு பரவால்லயும் பதினோரு விதம், பாதிக்கு மேல குத்தல். எங்க வீட்ல பரவால்லன்னா அர்த்தம் வேற, நீ செஞ்சத நான் மறக்க மாட்டேன்னு அர்த்தம். நான் எப்படி சொன்னாலும் எங்கம்மா உதட்ட இறுக்கறதுதான் கேக்குது.

அப்ப பக்கத்துல இருந்த தாட்டோன் பாட்டிம்மா, "பர்மால சொல்லி பாரேன்"னாங்க.

யபாடே. அதுவும் பரவால்லதான், சரியாயிரும், ஒண்ணுமில்லன்னு அர்த்தம். சொன்னதும் எனக்கு தொண்ட அடச்சுருச்சு. எங்க பழைய வீட்டுக்கு கீழ மொஹிங்கா, அதான் மீன் குழம்பு ஊத்துன நூடுல்ஸ், விக்கற அம்மா ஒருத்தவங்க இருந்தாங்க, காலைல ஸ்கூல் போறப்ப பாத்திரத்த கீழ போட்டு ஒடச்சாலும் குழம்ப கொட்டுனாலும் "யபாடே, யபாடே"ன்னு சொல்லிட்டு, கைல இருக்கற தனக்காவ, அதான் மூஞ்சில பூசிக்கற மரப்பட்ட சாந்து, என் கன்னத்துல ஒரு இழுப்பு இழுத்து விடுவாங்க, ஈரமா சில்லுன்னு இருக்கும். அவங்க பேரு கூட எனக்கு தெரியாது. ஆனா என் மனசுல திட்டாத ஒரு கொரல் இருக்குன்னா அது அதுதான், தமிழ்ல இல்ல, இத்தன வருசமா தமிழ்லயே தேடிட்டு இருந்துருக்கேன். டீச்சரும் தமிழ் கிளாஸ்ல எதுக்கு பர்மான்னு கேக்கல, வீட்டுக்கு போய் அதையே சொல்லி பழகுங்கன்னாங்க. சின்னதுல சரியா கெடைக்காதவங்களுக்கும் பின்னாடி வேற யாரோட ஒட்டுதலாவது அத ஈடு கட்ட முடியும், இதுதான் விதின்னு எழுதி வச்சது இல்லன்னு அன்னிக்கு அவங்க சொன்னத, மொஹிங்கா அம்மா இல்லன்னா நான் நம்பியிருக்க மாட்டேன்.

இப்ப கொறை. மொதல்ல, ஆளெடுக்கறப்ப ஒரு வார்த்த கேக்கறதில்ல, தூக்கம் இருக்கா, மாத்திர சாப்புடறீங்களா, சமீபத்துல எழவு ஏதும் உண்டான்னு. ஒரு பொண்ணுக்கு நாலாவது வாரம் கை காலெல்லாம் நடுங்கி போயிருச்சு, பக்கத்து ரூம்ல படுக்க வச்சு தண்ணி குடுத்தாங்க, அவ்ளோதான் ஏற்பாடு. மனசு ரொம்ப ஒடஞ்சு இருக்கறவங்க மொதல்ல டாக்டர பாருங்க, இது அதுக்கான எடம் இல்ல. ரெண்டாவது, நம்ம சனம் கொஞ்சம்தான், எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகைல சொந்தம். இங்க பேசறது வெளிய போகாதுன்னு மொத நாளே சத்தியம் வாங்குனாங்க, ஏழாவது வாரத்துக்குள்ள ஒருத்தியோட மாமியார் கத கோயில் வாசல்ல வந்துருச்சு. யாரு சொன்னான்னு டீச்சர் விசாரிக்கவும் இல்ல. அதனால நாத்தனார், ஓரகத்தியோட சேந்து போகாதீங்க, தனியா போங்க.

மூணாவதுதான் எனக்கு பெருசு. எட்டு வாரமும் அம்மா அம்மா அம்மாதான். அப்பான்னு ஒரு ஆளு பாடத்துலயே இல்ல. "அப்ப எல்லாத்துக்கும் பெத்தவதான் காரணமா, நானும் ரெண்டு பெத்து வச்சுருக்கேனே"ன்னு ஒரு அக்கா கோவமா கேட்டாங்க, டீச்சர் யாரையும் குத்தம் சொல்லலன்னு மழுப்புனாங்க. பதில் போதாது. எங்கம்மாவ வச்சு சொல்றேன், ஆறு வயசு புள்ளைய ஜெட்டில விட்டது யாரு, எந்த சட்டம், எந்த நோட்டு செல்லாம போனது, இதெல்லாம் இல்லாம தாயோட அரவணைப்பு பத்தலன்னு மட்டும் எழுதுனா அது பாதி கத. இத பேசறதுக்கு ஒரு வாரமாவது ஒதுக்கணும், எழுதியும் குடுத்துட்டு வந்தேன்.

மாறுச்சான்னு கேட்டா, போன வாரம் பால் பொங்குச்சு. மொதல்ல சனியனேதான் வந்துச்சு. ஒரு நிமிசம் கழிச்சு யபாடே வந்துச்சு, அதுவும் கொஞ்சம் அதட்டலாதான். மக பாத்துட்டு இருந்தா, எதுக்கும்மா அடுப்பு கிட்ட பர்மால பேசறன்னு கேட்டா. அவ கிட்ட கப்பல் கதைய சொல்லிட்டேன், அதுக்கப்பறம் அவ பாட்டி பக்கத்துல போய் படுத்துக்கறா, அம்மா ஒண்ணும் சொல்றதில்ல, போர்வைய இழுத்து பாதி அவளுக்கு போடறாங்க.

அடுத்த பேட்ச் தண்ணி திருவிழா முடிஞ்சு ஆரம்பிக்குதாம். கை விசிறி, தண்ணி பாட்டில், சின்ன தலகாணி எடுத்துட்டு போங்க. இடது பக்கத்துல இருந்து மூணாவது கயிறு, பச்ச கிளிப்பு. ரெண்டு தடவ இழுங்க, ஒரு தடவ இழுத்தா பேப்பர்காரன்னு நெனச்சு யாரும் எட்டி பாக்க மாட்டாங்க.